சுருக்குப்பையில் வரும் சேதி: ஒட்டுண்ணிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் விதம்

மலேரியா கண்டவரின் விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லப் பரப்பி, உலரவிட்டு, ஜீம்சா சாயம் ஏற்றி, நுண்ணோக்கியின் எண்ணெய் வில்லைக்கு அடியில் வைத்துப் பார்த்தால், வெளிறிய சிவப்பணுக்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில அணுக்களுக்குள் மெல்லிய நீல வளையம் தெரியும். வளையத்தின் ஓரத்தில், மோதிரத்தில் பதித்த கல்லைப் போல, சிவந்த புள்ளி ஒன்று இருக்கும். பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் என்னும் மலேரியா ஒட்டுண்ணியின் இளம்பருவம் அது. பாடநூல்கள் அதை முத்திரை மோதிர நிலை என்கின்றன. ஒவ்வொரு ஒட்டுண்ணியும் தனக்கென ஒரு சிவப்பணுவைப் பிடித்துக்கொண்டு, உள்ளே தாழிட்டுக்கொண்டு, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றுகூட அறியாமல் தனியே வளர்கிறது என்ற எண்ணத்தையே அந்தக் காட்சி தரும். நானும் பல ஆண்டுகள் மாணவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். அதில் பாதிதான் உண்மை என்பது 2013-இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகளைப் படித்த பிறகே எனக்கு உறைத்தது.

அந்தத் தனிமை எவ்வளவு இறுக்கமானது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். சிவப்பணுவுக்குள் இருக்கும் ஒட்டுண்ணியைச் சுற்றி அதன் சொந்தச் சவ்வு இருக்கிறது; உள்ளே நுழைந்தபோது தன்னைச் சுற்றி அமைத்துக்கொண்ட உறை இரண்டாவது சவ்வு; சிவப்பணுவின் மேற்சவ்வு மூன்றாவது. வெளியே ஒரு பொருளை அனுப்ப வேண்டுமானால் இந்த மூன்றையும் கடத்தியாக வேண்டும். நம் உடலின் மற்ற செல்களில் பொருள்களைப் பொதிந்து வெளியே தள்ளும் ஏற்பாடுகள் உண்டு. முதிர்ந்த சிவப்பணுவிலோ உட்கருவும் இல்லை, அந்த ஏற்பாடுகளும் இல்லை. அது ஏறக்குறைய ஹீமோகுளோபின் நிரப்பிய பை. இப்படிப்பட்ட இடத்தில் அடைபட்டிருக்கும் ஓர் உயிரி, இன்னொரு சிவப்பணுவில் அதேபோல் அடைபட்டிருக்கும் தன் இனத்துக்கு எப்படிச் சேதி சொல்லும்?

நுண்பைகள் வழியாக என்பதே விடை. பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். வெற்றிலை, பாக்கு, சில்லறைக் காசு, மடித்த சீட்டு என்று எது வேண்டுமானாலும் அதற்குள் இருக்கும். வாயைச் சுருக்கி இழுத்துவிட்டால் உள்ளே இருப்பது நனையாது, சிந்தாது. செல்கள் வெளியிடும் நுண்பையும் அத்தகையதே. செல்லின் சவ்வைப் போன்ற கொழுப்புப் படலத்தாலான மிகச் சிறிய உருண்டை அது. அதற்குள் புரதங்களும், ஆர்.என்.ஏ. துணுக்குகளும், சில வேளைகளில் டி.என்.ஏ.வும் இருக்கும். இரத்தத்திலும் திசுக்களின் இடைத்திரவத்திலும் இவற்றைத் தனியாக விட்டால் நொதிகள் சிதைத்துவிடும். பைக்குள் இருப்பதால் பத்திரமாக வெகுதூரம் போய்ச் சேர்கின்றன. செல்லுக்குள்ளேயே உருவாகி வெளியேற்றப்படும் சிறுபைகளுக்கு எக்சோசோம் என்று பெயர். அவற்றின் குறுக்களவு ஏறத்தாழ 30 முதல் 150 நானோமீட்டர் வரை இருக்கும். செல்லின் மேற்சவ்வே மொட்டுப்போல் புடைத்துக் கழன்று உண்டாகும் பைகள் இவற்றைவிடப் பெரியனவாகவும் இருக்கலாம்.

ஒரு சிவப்பணுவின் அகலம் ஏழு எட்டு மைக்ரோமீட்டர், அதாவது ஏழாயிரம் எட்டாயிரம் நானோமீட்டர். நூறு நானோமீட்டர் பைகளை வரிசையாக அடுக்கினால், ஒரு சிவப்பணுவின் குறுக்கே எழுபது எண்பது பைகள் அடங்கும். ஒளி நுண்ணோக்கியோ ஏறத்தாழ இருநூறு நானோமீட்டருக்குக் கீழே உள்ளதைப் பிரித்துக் காட்டாது. இரத்தப் பூச்சில் அணுக்களுக்கு நடுவே வெற்றிடம் போலத் தெரிகிறதே, அந்த இடத்தில் இருந்த நுண்பைகளைத்தான் ஒளி நுண்ணோக்கி வைத்திருந்த தலைமுறைகள் எல்லாம் காண முடியாமல் போயின.

நுண்பைகளின் வரலாறே இரத்தத்தில்தான் தொடங்குகிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பூட்டும் செய்தி. 1967-இல் பீட்டர் வுல்ஃப் என்பவர், இரத்தத் தட்டணுக்களிலிருந்து உதிரும் மிக நுண்ணிய துகள்களைக் கண்டு, அவற்றைத் தட்டணுத் தூசி என்று குறித்தார். 1983-இல் கனடாவின் மான்ட்ரியாலில் ரோஸ் ஜான்ஸ்டோனின் குழுவும், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் பிலிப் ஸ்டாலின் குழுவும், முதிராத சிவப்பணுக்கள் முதிரும்போது தமக்கு இனி வேண்டாத ஒரு புரதத்தை நுண்பைகளில் வைத்து வெளியே தள்ளுவதைத் தனித்தனியே கண்டறிந்தன. எக்சோசோம் என்ற பெயரை ஜான்ஸ்டோன் பின்னர் வைத்தார். அப்போது இவை செல்லின் குப்பைக் கூடைகளாகவே கருதப்பட்டன. 2007-இல் சுவீடனின் கோத்தன்பர்க் நகர ஆய்வாளர்கள், சுண்டெலியின் செல்கள் விட்ட எக்சோசோம்களில் ஆர்.என்.ஏ. இருப்பதையும், அவற்றை மனிதச் செல்களுக்குக் கொடுத்தபோது அந்த மனிதச் செல்களுக்குள் சுண்டெலியின் புரதங்கள் தோன்றுவதையும் காட்டினர். குப்பை என்று நினைத்தது கடிதம் என்று தெரிந்தது அப்போதுதான்.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஒட்டுண்ணிகள் பேசிக்கொள்கின்றன என்று சொல்லும்போது, அவற்றுக்கு எண்ணமோ நோக்கமோ இருப்பதாகக் கருதக்கூடாது. ஒன்று வெளியிட்ட பொருளை இன்னொன்று ஏற்றுக்கொண்டு, அதனால் தன் நடத்தையை மாற்றிக்கொண்டால், உயிரியலில் அதுவே தகவல் பரிமாற்றம். இந்த அளவுகோல் எளிமையானதுதான்; ஆனால் அதை நிரூபிக்கப் பை வெளியேறியதைக் காட்டினால் மட்டும் போதாது, அது போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன மாறியது என்பதையும் காட்ட வேண்டும்.

அதைத்தான் 2013-இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் உள்ள வால்டர் அண்ட் எலிசா ஹால் நிறுவனத்தில், ஆலன் காவ்மனின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய நெட்டா ரெகெவ்-ருட்ஸ்கியும் உடன் உழைத்தவர்களும் செய்தார்கள். அவர்கள் ஃபால்சிபாரம் ஒட்டுண்ணியில் இரண்டு வகைகளை உருவாக்கினர். ஒரு வகைக்குள் ஒரு மருந்தைத் தாங்கும் மரபணுவை வைத்தனர்; மற்றதற்குள் வேறொரு மருந்தைத் தாங்கும் மரபணுவை வைத்தனர். இரண்டு மரபணுக்களும் பிளாஸ்மிட் எனப்படும் சிறிய டி.என்.ஏ. வளையங்களில் ஏற்றப்பட்டிருந்தன. பிறகு இரண்டு வகைகளையும் ஒரே வளர்ப்புக் குடுவையில் மனிதச் சிவப்பணுக்களுடன் சேர்த்து வளர்த்து, இரண்டு மருந்துகளையும் ஒன்றாகக் கொடுத்தனர்.

என்ன நடந்திருக்க வேண்டும் என்று வகுப்பில் கேட்டால், எல்லாம் செத்துப்போகும் என்றுதான் மாணவர்கள் சொல்வார்கள். சரியான கணிப்பு அது. முதல் வகை இரண்டாம் மருந்தால் சாக வேண்டும். இரண்டாம் வகை முதல் மருந்தால் சாக வேண்டும். ஒன்றுக்கொன்று உதவ வழியில்லை. ஆனால் குடுவையில் ஒட்டுண்ணிகள் பிழைத்து எழுந்தன. இரண்டு மருந்தையும் தாங்கும் ஒட்டுண்ணிகள் அங்கே இருந்தன என்றால், ஒரு சிவப்பணுவுக்குள் இருந்த மரபணு இன்னொரு சிவப்பணுவுக்குள் இருந்த ஒட்டுண்ணியை எப்படியோ எட்டியிருக்கிறது என்று பொருள். அந்த வழியைத் தேடிச் சென்றவர்கள், தொற்றுக்குள்ளான சிவப்பணுக்கள் வளர்ப்புத் திரவத்தில் விட்டிருந்த நுண்பைகளைப் பிரித்தெடுத்தபோது, அவற்றுக்குள் அந்த டி.என்.ஏ. இருந்தது. மேலும், ஒட்டுண்ணி உற்பத்தி செய்து சிவப்பணுவுக்குள் அனுப்பும் பி.டி.பி.2 என்ற புரதம் இந்தப் பரிமாற்றம் ஒழுங்காக நடப்பதற்கு மிக முக்கியமானது என்றும் தெரியவந்தது. அந்தப் புரதம் இருக்கும் இடம் கவனிக்கத்தக்கது: மௌரர் பிளவுகள் எனப்படும் தட்டையான பைகளில் அது இருக்கிறது. பொருள்களை அனுப்பும் ஏற்பாடே இல்லாத சிவப்பணுவுக்குள், ஒட்டுண்ணி தானே கட்டிக்கொண்ட அஞ்சல் நிலையங்கள் என்று அந்தப் பிளவுகளைச் சொல்லலாம்.

இதில் ஒரு எச்சரிக்கை தேவை. அந்தச் சோதனையில் கைமாறியது ஆய்வாளர்கள் வைத்த பிளாஸ்மிட். ஒட்டுண்ணியின் சொந்தக் குரோமோசோமில் உள்ள மருந்து எதிர்ப்பு மரபணு அல்ல. எனவே, நோயாளிகளிடம் மலேரியா மருந்து எதிர்ப்பு இப்படித்தான் பரவுகிறது என்று இந்த ஆய்வை வைத்துச் சொல்லிவிட முடியாது. அவ்வாறு சொல்லும் கட்டுரைகளைக் காணும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் அந்த ஆய்வு நிறுவிய செய்தி, அதாவது மூன்று சவ்வுகளையும் தாண்டிப் பொருள் போய்ச் சேர்கிறது என்ற செய்தி, மிகைப்படுத்தல் எதுவும் இல்லாமலேயே பெரியது.

அதே ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டில் மத்தியாஸ் மார்ட்டியின் குழு வெளியிட்ட ஆய்வு, இந்தச் சேதியால் ஒட்டுண்ணிக்கு என்ன பயன் என்ற கேள்விக்கு அருகில் சென்றது. அதைப் புரிந்துகொள்ள ஒட்டுண்ணியின் இக்கட்டை உணர வேண்டும். சிவப்பணுவுக்குள் புகுந்த ஒரு ஃபால்சிபாரம் ஒட்டுண்ணி ஏறத்தாழ 48 மணி நேரத்தில் பதினாறு முதல் முப்பத்திரண்டு வரை பெருகி, அணுவை உடைத்துக்கொண்டு வெளியேறி, புதிய சிவப்பணுக்களைத் தாக்குகிறது. இப்படியே பெருகிக்கொண்டு போனால் நோயாளி இறந்துபோவார். அவரோடு ஒட்டுண்ணிகளும் முடிந்துபோகும். அடுத்த மனிதரை அடைய வேண்டுமானால், ஒட்டுண்ணிகளில் ஒரு சிறு பகுதி பெருகுவதை நிறுத்திவிட்டு, கொசுவுக்குள் மட்டுமே இணைசேரக்கூடிய கேமீட்டோசைட் என்னும் ஆண், பெண் வடிவங்களாக மாற வேண்டும். இரத்தப் பூச்சில் பிறைபோல, அல்லது வளைந்த வாழைப்பழம்போலத் தெரியும் அந்த வடிவம் முதிர்வதற்குப் பத்துப் பன்னிரண்டு நாட்கள் ஆகும். முன்கூட்டியே எல்லாம் மாறிவிட்டால் பெருக்கம் இல்லை. காலம் கடந்து மாறினால், ஒட்டுண்ணிக்கு இடம் தரும் உயிரான ஓம்புயிரி இல்லை. எப்போது, எத்தனை பேர் மாறுவது என்பதே அந்த இனத்தின் வாழ்வு சாவுக் கணக்கு.

மார்ட்டியின் குழு கண்டது இதுதான்: தொற்றுள்ள சிவப்பணுக்கள் விடும் நுண்பைகளைப் பிரித்தெடுத்து மற்ற ஒட்டுண்ணிகளின் வளர்ப்பில் சேர்த்தால், கேமீட்டோசைட்டாக மாறும் ஒட்டுண்ணிகளின் எண்ணிக்கை கூடுகிறது, பைகளின் அளவைக் கூட்டினால் மாற்றமும் கூடுகிறது. மெல்பர்ன் குழுவும் இந்தத் தூண்டலைக் கண்டிருந்தது. ஒட்டுண்ணிகள் பெருகப் பெருக இரத்தத்தில் பைகளும் பெருகும் அல்லவா? அப்படியானால், தன்னை வந்தடையும் பைகளின் அளவை வைத்து, வெளியே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை அடைபட்ட ஒட்டுண்ணி ஒருவாறு அறிந்துகொள்ள முடியும். திருவிழாக் கூட்டத்தைப் பார்க்காமலேயே, வாசலில் கிடக்கும் செருப்புகளை வைத்து உள்ளே எவ்வளவு பேர் என்று கணிப்பது போன்றது இது. ஆயினும் நுண்பை ஒன்றே இந்த முடிவை எடுத்துவிடுவதில்லை. ஒட்டுண்ணிக்குள் ஏபி2-ஜி என்ற புரதம் பாலியல் மாற்றத்தைத் திறக்கும் சாவியாக இருப்பது 2014-இலும், ஓம்புயிரியின் இரத்தத்தில் உள்ள லைசோபாஸ்பாடிடைல்கோலின் என்ற கொழுப்புப் பொருள் குறைந்தால் மாற்றம் கூடுவது 2017-இலும் தெரியவந்தன. பல சைகைகளைச் சேர்த்துப் பார்த்தே முடிவு அமைகிறது.

பைகள் தம் இனத்துக்கு மட்டும் போய்ச் சேர்வதில்லை. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்துக்கு மாறிய ரெகெவ்-ருட்ஸ்கியின் குழு 2021-இல் காட்டியது என்னைப் பெரிதும் கவர்ந்தது: ஒட்டுண்ணியின் பைகளில் புரதத்தை வெட்டும் 20எஸ் புரோட்டியசோம் என்ற கருவி வேலை செய்யும் நிலையில் இருக்கிறது, அது இன்னும் தொற்றாத சிவப்பணுவுக்குள் இறங்கி, அதன் உட்சட்டகப் புரதங்களை மாற்றி, அணுவை இளகச் செய்கிறது. பின்னால் வரும் ஒட்டுண்ணிக்கு அதற்குள் நுழைவது எளிதாகிறது. உழுவதற்கு முன் நிலத்தில் தண்ணீர் விட்டு ஊறப்போடுவதைப் போல என்று இதைப் புரிந்துகொள்ளலாம். வேறு சில பைகள் ஒட்டுண்ணியின் டி.என்.ஏ.வைச் சுமந்து நம் மோனோசைட் வெள்ளணுக்களுக்குள் செல்கின்றன. வெள்ளணு அங்கே பகைவன் புகுந்துவிட்டதாக எண்ணி எச்சரிக்கை எழுப்புகிறது, உண்மையான பகைவனோ வேறிடத்தில் சிவப்பணுவுக்குள் இருக்கிறது.

மலேரியாவில் தொற்றிய செல் விடும் பையைப் பார்த்தோம்; ஆப்பிரிக்கத் தூக்க நோயை உண்டாக்கும் டிரிப்பனோசோமாவில் ஒட்டுண்ணியே நேரடியாகப் பை விடுகிறது. அது செல்லுக்குள் ஒளிவதில்லை. இரத்தத்தில் கசையிழையைச் சுழற்றிக்கொண்டு வெளிப்படையாக நீந்துகிறது. அந்தக் கசையிழையின் சவ்விலிருந்து நீண்ட மெல்லிய குழல் ஒன்று வளர்ந்து, நூலில் கோத்த பாசிமணிகளைப் போல இடையிடையே புடைத்து, பிறகு மணி மணியாக அறுந்து விழுவதை எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில் காணலாம். அறுந்த ஒவ்வொரு மணியும் ஒரு நுண்பை.

2016-இல் வெளியான ஆய்வு இந்தப் பைகளின் வேலையைக் காட்டியது. டிரிப்பனோசோமா புரூசியின் ஒரு வகை கால்நடைகளை மட்டும் தாக்கும். மனித இரத்தத்தில் உள்ள ஏ.பி.ஓ.எல்.1 என்ற புரதம் அதைக் கொன்றுவிடும். கிழக்கு ஆப்பிரிக்காவில் மனிதரைத் தாக்கும் ரொடீசியன்ஸ் என்ற வகையிடம், அந்தக் கொல்லியை முறியடிக்கும் எஸ்.ஆர்.ஏ. என்ற புரதம் இருக்கிறது. ரொடீசியன்ஸின் நுண்பைகளைக் கால்நடை வகைக்குக் கொடுத்தால், பைகள் அதன் சவ்வோடு கலந்து, எஸ்.ஆர்.ஏ.வை அதற்குள் சேர்த்துவிடுகின்றன. அதுவும் மனித இரத்தநீரைத் தாங்கிப் பிழைக்கிறது. இங்கே கைமாறுவது மரபணு அல்ல, செய்து முடித்த புரதம். ஆகவே இது கைமாற்றுக் கடன் போன்றது. அந்தப் புரதம் சிதைந்து தீரும்வரைதான் பயன்படும், சந்ததிக்குச் சொத்தாகப் போகாது. இதே பைகள் நம் சிவப்பணுக்களோடும் கலந்துவிடுகின்றன. அவ்வாறு கலந்த சிவப்பணுக்களை உடல் விரைவில் அகற்றிவிடுவதால் இரத்தசோகை உண்டாகிறது. தூக்க நோயில் காணும் இரத்தசோகைக்கு இது ஒரு காரணம்.

தூக்க நோயைப் பரப்பும் செட்சி ஈயின் குடலில் வாழும் பருவத்து டிரிப்பனோசோமாக்களை மென்மையான அகார் தட்டில் வளர்த்தால், அவை தனித்தனியே அலையாமல் கூட்டமாகத் திரண்டு, கதிர்கள்போல் வெளிநோக்கி நீண்டு செல்கின்றன. எதிர்க் கூட்டத்தின் கதிர் அருகில் வந்தால் தொடாமல் விலகித் திரும்புகின்றன. ஆர்.என்.ஏ. தயாரிப்பில் கோளாறு ஏற்பட்டு நலிந்த டிரிப்பனோசோமாக்கள் விடும் எக்சோசோம்கள் நலமானவற்றை விலகிப்போகச் செய்கின்றன என்று இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 2017-இல் காட்டினர். இங்கே இருக்காதே என்பது அந்தப் பையின் சேதி.

லீஷ்மேனியாவுக்குச் சென்னையோடு ஒரு பழைய உறவு உண்டு. காலா அசார் காய்ச்சலுக்குக் காரணமான இந்த ஒட்டுண்ணியை, சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன் 1903-இல் நோயாளிகளின் மண்ணீரலில் கண்டார். அதே ஆண்டில் வில்லியம் லீஷ்மன் தாம் கண்டதை வெளியிட்டிருந்தார். இருவர் பெயரும் சேர்ந்து லீஷ்மேனியா டோனவானி ஆயிற்று. தன்னைப் பரப்பும் மணல் ஈயின் குடலுக்குள் இருக்கும்போதே லீஷ்மேனியா நுண்பைகளை விடுகிறது என்பதும், ஈ கடிக்கும்போது ஒட்டுண்ணியோடு அந்தப் பைகளும் நம் தோலுக்குள் இறங்கிப் புண்ணைப் பெரிதாக்குகின்றன என்பதும் 2015-இல் தெரியவந்தன. 2022-இல் வெளியான ஆய்வு இன்னும் கவலை தருவது. மருந்தின் நெருக்கடியில் லீஷ்மேனியா தன் எதிர்ப்பு மரபணுக்களைப் பல பிரதிகளாக்கிக் குரோமோசோமுக்கு வெளியே வைத்துக்கொள்ளும் பழக்கம் உடையது. அந்தப் பிரதிகள் நுண்பைகளில் ஏறி, மருந்துக்கு மடியக்கூடிய மற்ற லீஷ்மேனியாக்களைச் சென்றடைந்து, அவற்றின் தாங்கும் திறனைக் கூட்டின. மெல்பர்ன் சோதனையில் ஆய்வாளர்கள் வைத்த பிளாஸ்மிட் கைமாறியது. இங்கே கைமாறியது ஒட்டுண்ணியின் சொந்தச் சரக்கு. அதனால் இதற்கு எடை அதிகம். பாலுறவு வழியாகத் தொற்றும் டிரைக்கோமோனாஸில், நன்றாக ஒட்டும் வகையின் எக்சோசோம்கள் சரியாக ஒட்டாத வகையை நம் செல்களில் ஒட்டச் செய்தன என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

இவற்றில் பெரும்பகுதி வளர்ப்புக் குடுவையில் கண்டவை. மனித உடலில் ஒட்டுண்ணியின் பைகள் தனியாக மிதப்பதில்லை. நம் தட்டணுக்களும் வெள்ளணுக்களும் சிவப்பணுக்களும் விடும் எண்ணற்ற பைகளோடு கலந்தே இருக்கின்றன. புவியீர்ப்பைப்போல ஒரு இலட்சம் மடங்கு விசையில் மீஅதிவேக மையவிலக்கியில் சுழற்றினாலும் எல்லாம் சேர்ந்தே அடியில் படியும்; எது யாருடைய பை என்பதை அதன் மேலுள்ள புரதங்களைக் கொண்டு பிரித்தறிய வேண்டும். பொறுமை வேண்டும் வேலை இது. அப்படியும் நோயாளிகளிடமிருந்தே நேரடியாகச் சான்று வரத் தொடங்கியிருக்கிறது. இந்தியாவில் பரவலாக உள்ள வைவாக்ஸ் மலேரியாவின் ஒட்டுண்ணி முதிராத சிவப்பணுக்களையே நாடுகிறது. அதாவது எக்சோசோம் முதன்முதலில் காணப்பட்ட அதே அணுக்களை. ஸ்பெயினின் பார்சிலோனாவில் ஹெர்னாண்டோ டெல் போர்ட்டிலோவின் குழு, வைவாக்ஸ் நோயாளிகளின் பிளாஸ்மாவிலிருந்து எடுத்த நுண்பைகளை மனித மண்ணீரல் செல்களுக்குக் கொடுத்து, அந்தச் செல்களின் மேல் ஒட்டும் புரதம் ஒன்று கூடுவதையும், தொற்றுள்ள முதிராத சிவப்பணுக்கள் அங்கே அதிகமாக ஒட்டிக்கொள்வதையும் 2020-இல் காட்டியது. இரத்த ஓட்டத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டுண்ணிகள் மண்ணீரலில் தங்கிவிடுவதற்கு அது ஒரு வழி.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் முன்பெல்லாம் இரத்தக் குழாயைச் சுழற்றியதும் அடியில் படிந்த சிவப்பணுக்களை எடுத்துக்கொண்டு, மேலே தெளிந்து நிற்கும் இளமஞ்சள் பிளாஸ்மாவைக் கொட்டிவிடுவோம். இப்போது அதைத்தான் முதலில் பிரித்து, சிறு குழாய்களில் பங்கிட்டு, நாளும் எண்ணும் எழுதி ஒட்டி, −80 டிகிரி உறைபெட்டியில் வைக்கிறோம்.